சாம்பாரில் பூச்சி என்று வீடியோ பரவினால்

மும்பையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பக்கம் மெஸ், ஓட்டல் நடத்தும் நம்மவர்கள் கவனத்துக்கு.

வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்தால், முதலில் அந்த அண்டாவிலிருந்து பரிமாறுவதை நிறுத்துங்கள். ஆனால் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். பதற்றத்தில் பலரும் செய்வது இதைத்தான். "தடயத்தை அழிச்சிட்டாங்க" என்ற பேச்சுக்குப் பிறகு பதிலே இருக்காது. சுத்தமான டப்பாவில் கால் லிட்டர் எடுத்து மூடி, தேதி, நேரம் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். சிசிடிவி பதிவை அன்றைக்கே காப்பி எடுங்கள், பழையது தானாக அழிந்துவிடும்.

பேசுவது ஒருவர் மட்டும். கல்லாவில் ஒன்று, சர்வர் ஒன்று சொன்னால் தீர்ந்தது கதை. மராத்தியிலும் இந்தியிலும் நாலு வரி போதும்: எதை நிறுத்தினோம், எதைச் சோதிக்கிறோம், அடுத்து எப்போது சொல்வோம். "சதி" என்ற வார்த்தையே வேண்டாம். 2003 அக்டோபரில் மும்பையில் கேட்பரி சாக்லேட்டில் புழு கிடைத்தபோது, கடைகளில் வைத்திருந்த விதம்தான் காரணம் என்றது கம்பெனி. அது எடுபடவில்லை. 2004-ல் உறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு எடுக்கும் மாதிரியைப் பொதுவாக நாலு பங்காக்குவார்கள். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, செலவு உங்களுடையது. இந்தக் கோரிக்கையை அந்த இடத்திலேயே எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட் பாதகமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வீடியோ எடுத்தவரை மிரட்டாதீர்கள். அந்த மிரட்டல்தான் அடுத்த வீடியோவாக வரும்.