பொறியியல் கலந்தாய்வு: அக்கா மகளுக்கு இடம் கணித்த கதை

பிளஸ் டூ முடிவு வந்த அன்றே கோபியில் எங்கள் உறவினர்கள் அக்கா மகளுக்குக் கல்லூரி ஒதுக்கிவிட்டார்கள். கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94. கணிதத்தை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 189; இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். "போன வருசம் இந்த மார்க்குக்கு அங்க கெடச்சுதுங்க" என்று ஆளுக்கொரு கல்லூரியைச் சொன்னார்கள். ஆனால் வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 189-க்கு முன்னால் நிற்பவர்களின் கூட்டமே வேறு. ஆகவே தரவரிசைப் பட்டியல் வரும்வரை எந்தக் கணிப்பிலும் இறங்குவதில்லை என்று நானும் அவளும் முடிவு செய்தோம்.

பொது ரேங்க், வகுப்பு (சமூகப் பிரிவு) ரேங்க் இரண்டும் கைக்கு வந்த பிறகு, முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டோம். கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியிடப்படும் அந்தப் பட்டியலில் மாணவரின் கட்-ஆஃப், ரேங்க், வகுப்பு, கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவு, எந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். கோவை பி.எஸ்.ஜி.க்கு 2006, சி.ஐ.டி.க்கு 2007, பெருந்துறை கொங்குக்கு 2711 என்று குறியீட்டை வைத்துத் தேடி, ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்ற பி.சி. (பிற்படுத்தப்பட்டோர், அவளும் இந்தப் பிரிவுதான்) மாணவரின் ரேங்க்கைக் கோடு போட்ட நோட்டில் எழுதினோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு: மாணவரின் வகுப்பு பி.சி. என்றிருந்தாலும், ஒதுக்கீட்டுக் கட்டத்தில் ஓ.சி. என்றிருந்தால் அவர் பொதுப்பிரிவின் 31 சதவீதத்தில் நுழைந்தவர், பி.சி.க்கு உரிய 26.5 சதவீதத்தின் எல்லையை அறிய அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொலைக்காட்சிகளில் வரும் உத்தேச கட்-ஆஃப் அட்டவணைகளைவிட இந்த ஒரு நோட்டு எனக்கு நம்பகமாகப் பட்டது.

இன்னொன்று, 189 எடுத்த எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சமமான கட்-ஆஃபில் முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியலையும் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். கணினி குலுக்கலாகத் தரும் ரேண்டம் எண் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும், ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள் என்றாலும்.

நோட்டில் இருந்தவற்றை மூன்றாகப் பிரித்தோம்: கைக்கு எட்டாதவை, இழுபறியானவை, உறுதியானவை. "கிண்டி இன்ஜினியரிங் காலேஜும் பி.எஸ்.ஜி.யும் எப்படியும் கெடைக்காது, எடுத்துடட்டுங்களா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம்; கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக உள்ளதைத் தருகிறதே தவிர, எட்டாததைக் கேட்டதற்காக எதையும் குறைப்பதில்லை. கிடைக்குமென்று தெரிந்ததை மேலே தூக்கி வைப்பதுதான் ஆபத்து, ஏனெனில் அது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள எதையும் கணினி திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே கணிப்பை வைத்துப் பட்டியலின் நீளத்தை மட்டும் தீர்மானித்தோம். வரிசையை அவள் ஆசைப்படியே விட்டோம்.

தற்காலிக ஒதுக்கீட்டில் இழுபறி வரிசையிலிருந்து பெருந்துறையில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்) வந்தது. அதை ஏற்றுக்கொண்டு, மேலுள்ள விருப்பங்களுக்குக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, சேவை மையத்தில் பணம் கட்டினோம். மேலே ஏதேனும் கிடைத்தால் இந்த இடம் கைவிட்டுப் போகும் என்பதை அக்காவுக்கும் அவர் கணவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மேலே எதுவும் நகரவில்லை, பெருந்துறையிலேயே சேர்ந்துவிட்டாள். அரசுப் பள்ளியில் படித்த அவளுடைய தோழி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்ததால், அவளுக்கென்று தனிப் பட்டியலை எடுத்து, தனியாகவே கணக்குப் போட வேண்டியிருந்தது.