மோடம் கை மாறினாலும் ராயல்டி கை மாறாது

2025 பிப்ரவரியில் ஆப்பிள் தன் சொந்த மோடமான (போனை மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்) சி1-ஐ ஐபோன் 16இ-யில் வைத்தது. அன்றிலிருந்து, ஐபோனுக்கு மோடம் விற்றுவந்த அமெரிக்க நிறுவனமான குவால்காமின் பங்கு வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சி. "கதை முடிந்தது" என்கிறது ஒன்று, "காப்புரிமை காப்பாற்றும்" என்கிறது மற்றது. வளைகுடாச் சம்பளத்தில் அமெரிக்கப் பங்கு சேர்த்திருக்கும் நம் கீழக்கரை, தொண்டிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு கட்சியுமே இரண்டு வேறு வருமானத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

பாம்பன் கரையில் படகுக்கு எஞ்சின் விற்றவர் ஒருமுறை விலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மீனை ஏலம் விடுகிறவர் வாங்கும் கமிஷன் வேறு மாதிரி. எந்த எஞ்சின் பூட்டிய படகு கொண்டுவந்த மீனானாலும் ஏலத்தொகையில் இத்தனை சதவீதம் அவருக்கு. குவால்காம் இரண்டு வேலையும் செய்கிறது. சிப் விற்கும் பிரிவு க்யூசிடி, தன் காப்புரிமைகளைப் பயன்படுத்த உரிமம் கொடுத்து ராயல்டி வாங்கும் பிரிவு க்யூடிஎல்.

2024 நிதியாண்டில் க்யூசிடி வருமானம் ஏறத்தாழ 33 பில்லியன் டாலர், க்யூடிஎல் 5.6 பில்லியன். வரிக்கு முந்தைய லாபம் முறையே சுமார் 9.5, 4 பில்லியன். வருமானத்தில் ஏழில் ஒரு பங்குதான் உரிமம். லாபத்திலோ கிட்டத்தட்ட 30 சதவீதம். ஆண்டறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பிரிவுவாரியான இந்த அட்டவணையைத்தான்.

ஆப்பிள் மோடம் வாங்குவதை நிறுத்தினால் அடி விழுவது க்யூசிடி மேல். 5ஜி தரத்துக்கு இன்றியமையாத (அதாவது அவற்றைப் பயன்படுத்தாமல் 5ஜி போன் செய்ய முடியாத) காப்புரிமைகளுக்கான ராயல்டி, மோடத்தை யார் செய்தாலும் வந்தாக வேண்டும். குவால்காம் அறிவித்த விகிதம், பல தலைமுறை நெட்வொர்க்கில் இயங்கும் 5ஜி போனுக்கு 3.25 சதவீதம். கணக்குக்கு எடுக்கும் விலைக்கு உச்சவரம்பு 400 டாலர். 100 டாலர் போனுக்கு 3.25 டாலர். 400 டாலர் போனுக்கும் 1,000 டாலர் போனுக்கும் அதே 13 டாலர்தான். ஆகவே விலை உயர்ந்த போன்கள் இன்னும் விலை ஏறினால் ராயல்டியும் ஏறும் என்று கணக்குப் போடுவது தப்பு. எத்தனை போன் விற்றது என்பதுதான் இங்கே பேசும்.

ஆப்பிளோடு 2019 ஏப்ரலில் சமரசமாகிப் போட்ட உரிம ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கானது. இரண்டு ஆண்டு நீட்டித்ததால் 2027 மார்ச் வரை ஓடும். எனக்கு சி1-ஐவிட இந்தத் தேதிதான் பெரிய விஷயம்.

விகிதம் குறையவே குறையாது என்றும் நம்ப வேண்டாம். 2015-ல் சீன அரசு 975 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. அங்கே விற்கும் போன்களுக்கு நிகர விலையில் 65 சதவீதத்தின் மேல்தான் ராயல்டி கணக்கிட வேண்டும் என்றும் ஆக்கியது. அமெரிக்காவில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி தொடுத்த வழக்கில் 2019-ல் குவால்காம் தோற்றது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

அடிக்கடி சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, காப்புரிமை எண்ணிக்கையை வைத்து நிறுவனங்களை ஒப்பிடுவது. "இது தரத்துக்கு இன்றியமையாதது" என்று ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சியிடம் நிறுவனமே அறிவித்துக்கொள்கிறது. உண்மையிலேயே அப்படியா என்று எட்சி சரிபார்ப்பதில்லை. இரண்டு, ஒரு காலாண்டு உரிம வருமானத்தை நான்கால் பெருக்குவது. 2020-ல் சீனப் போன் நிறுவனமான ஹுவாவே பழைய பாக்கியைத் தீர்த்தபோது ஒரே காலாண்டில் 1.8 பில்லியன் டாலர் கணக்கில் ஏறியது. அது திரும்ப வராத பணம்.

டிவிடெண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். துபாயில் குடியிருப்பவருக்கு டிவிடெண்டில் அமெரிக்கா 30 சதவீதம் வரி பிடிக்கும், ஏனென்றால் அந்த நாட்டோடு அமெரிக்காவுக்கு வருமான வரி ஒப்பந்தம் இல்லை. இந்தியாவில் குடியிருப்பவருக்கு 25. ஊர் திரும்பியவர்கள், எந்த நாட்டில் குடியிருக்கிறோம் என்று புரோக்கரிடம் தரும் டபிள்யூ-8பென் படிவத்தை 30 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும். விட்டால் பழைய விகிதத்திலேயே பிடித்தம் தொடரும். பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். வரி நோக்கில் முழுக் குடியிருப்பாளர் ஆனதும், வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்தப் பங்குகளைக் காட்டியாக வேண்டும். அந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு, ஏப்ரல்–மார்ச் அல்ல.