டப்பாவில் காட்டுநாவல்

அக்டோபர் 9, தண்டையார்பேட்டை

நீலகிரியிலிருந்து இறங்கி வந்து இரண்டு நாள். கொண்டுவந்த காட்டுநாவல் விதைகளை எண்ணினேன்: 120. ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைத்து, சாமி அறைத் தரையில் வைத்திருக்கிறேன். வீட்டில் அந்த மூலைதான் குளிர்ச்சி.

அக்டோபர் 10

அப்பாவின் ஸ்கேன் தள்ளிப்போய்விட்டது.

அக்டோபர் 11

இரவெல்லாம் அப்பாவுக்கு இருமல். உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். "மலையில் அந்த வெளிநாட்டுச் சீகை மரங்களை வெட்டித் தள்ளிவிட்டால் வேலை முடிந்ததுதானே பாப்பா?" என்றார்.

முடியாது அப்பா. ஒரேயடியாக வெட்டினால் வெயில் தரையில் விழும். மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும் சீகை விதைகள் மொத்தமாக முளைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, மிச்ச நிழலில் சோலை, அதாவது மலையின் பழைய காட்டு மரங்களின் நாற்றுகளைத் தேற்ற வேண்டும். நீலகிரிச் சோலைக்கிளிக்கு அந்த இருட்டுதான் வீடு. பெயரில்தான் கிளி, ஊர்க்குருவி அளவுதான், நீலமும் துருநிறமுமாக இருக்கும். தரையோரம் பூச்சி தேடும். சோலைக்கும் சோலைக்கும் நடுவே வெட்டவெளி வந்தால் தாண்டத் தயங்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகளை விட்டால் அதற்கு உலகில் வேறு இடமில்லை.

"அவ்வளவுதான் இடமா" என்றார். பிறகு மூச்சு வாங்கியது. நான் பேச்சுக் கொடுத்திருக்கக் கூடாது.

அக்டோபர் 12

மழை இல்லை. காசிமேட்டுக் காற்றில் உப்பும் வெக்கையும். எட்டு விதைகளில் பூசணம். காய்ந்தாலும் சாகும், அழுகினாலும் சாகும். நெல்லைப் போலக் குதிரில் போட்டு வைக்கிற விதையில்லை இது.

அக்டோபர் 14

மாமா வந்தார். மலையில் சும்மா கிடக்கும் புல்வெளியில் மரம் நடலாமே என்றார். சத்தம் போட்டுவிட்டேன். வெள்ளைக்காரர்களும் புல்லைப் பார்த்து வெறும் நிலம் என்றுதான் நினைத்தார்கள். தைலமரமும் சீகையும் அப்படித்தான் வந்தன. புல்வெளி போனால் நீலகிரி நெட்டைக்காலிக் குருவி எங்கே முட்டையிடும்? மாமா ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, காபி குடிக்காமல் போய்விட்டார். அப்பாவைப் பார்க்க வந்தவர்.

இன்னும் பதினொரு விதை போயிற்று.

அக்டோபர் 15

ஸ்கேன் முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 16

இனி வைத்திருந்தால் பாவம். தேறியவை 97. மலையில் எங்கள் நாற்றங்காலில் வேலை செய்யும் பையனின் அண்ணன் இன்றிரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் போகிறார். சென்ட்ரலில் டப்பாவைக் கொடுத்து, மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை சொன்னேன்.

பஸ் மின்ட் தாண்டும்போதுதான் உறைத்தது. மூடியை மாற்றினேனே, புது மூடியில் துளை போட்டேனா? போன் அடித்தேன். எடுக்கவில்லை.