சித்தப்பா கேட்டால் கொடுக்கமாட்டார்கள்

மகள் பிறந்தது கலிபோர்னியாவில், சாண்டா கிளாரா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி). நாங்கள் கோவைக்குத் திரும்பிய பிறகு அவளுடைய அமெரிக்க பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம் வந்தது. 16 வயதுக்குக் கீழே என்றால் 5 வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். அடுத்த முறையும் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கப்பலில் வந்த பெட்டிகளில் அந்த ஃபைல் மட்டும் வரவில்லை.

தம்பி அதே கவுன்ட்டியில் சன்னிவேலில் இருக்கிறான், ஒரு நகல் வாங்கி அனுப்பிவிடுவான் என்று நினைத்தேன். சென்னை மாநகராட்சி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடி இறக்கிக்கொள்கிற பழக்கம் நமக்கு. கலிபோர்னியாவில் நகல் இரண்டு வகை. ஒன்றை யாரும் வாங்கலாம், ஆனால் அடையாளத்துக்கு இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். பாஸ்போர்ட்டுக்கு அது உதவாது. செல்லுபடியாகும் நகலை யார் கேட்கலாம் என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது: சான்றிதழுக்கு உரியவர், பெற்றோர், காப்பாளர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், கணவன் மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை. வழக்கறிஞர், போலீஸ் போன்றவர்களுக்குத் தனி விதி. சித்தப்பா, மாமா, அத்தை எல்லாம் வெளியே!

இதில் வேடிக்கை, குடும்பத்தாரிடம் உறவுக்கு ஆதாரம் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்ன உறவு என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். "தம்பியை உன் பொண்ணுக்கு அண்ணன்னு டிக் அடிக்கச் சொல்லிடு" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பொய்யென்றால் அது குற்றம். விசாவில் இருப்பவன் தலையில் இதை ஏற்றுவதா?

நானே தபாலில் கேட்கலாம்தான். அதற்கு உறுதிமொழியில் நோட்டரி முத்திரை வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஒரு முத்திரைக்கு 50 டாலர், அப்பாயின்ட்மென்ட் வேறு.

அப்புறம்தான் உறைத்தது, அம்மா அப்போது தம்பி வீட்டில்தான் இருந்தார். பட்டியலில் பாட்டி உண்டே! குடியுரிமை பற்றி அங்கே பேச்சே இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தம்பியோடு கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போனார். நேரில் போனால் நோட்டரி தேவையில்லை, கவுன்ட்டரில் இருப்பவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் சரி. போனது போனோம் என்று இரண்டு நகலாக வாங்கச் சொன்னேன். ஒன்றை அப்படியே கூரியரில் அனுப்பினான். இன்னொன்றுக்கு, இங்கே எந்த அலுவலகமாவது கேட்டு வைத்தால் ஆகட்டும் என்று, மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசு முத்திரை) வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.