அந்த உருளைப் படம்

“தெரியும் மிஸ். நீங்க கேட்டதும் போயிடுச்சு.”

என் இயற்பியல் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிச் சொன்னாள். இதற்கு நான் சொன்ன பதில்தான் இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. “பரீட்சையிலயும் கேட்கத்தாம்மா செய்வாங்க.” பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்திருப்பேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நொடியில் எனக்கு அவள் படிப்பைவிட என் பதிலின் சாமர்த்தியம்தான் பிடித்திருந்தது.

பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நிலைமின்னியலை, அதாவது ஓடாமல் நிற்கும் மின்னூட்டங்களைப் பற்றிய பாடத்தை, நான்கு முறை படித்து முடித்துவிட்டதாகச் சொல்லிப் புத்தகத்தைக் காட்டினாள். மூன்று நிறத்தில் அடிக்கோடுகள். கோடு போடாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புத்தகத்தை வாங்கி மூடினேன். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மின்னூட்டம் பெற்ற முடிவிலா நீளக் கம்பியைச் சுற்றி இருக்கும் மின்புலத்தைக் காஸ் விதியிலிருந்து (ஒரு மூடிய பரப்பின் வழியே வெளியேறும் மின்புலத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் விதி) தருவிக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துத் தாளில் ஒரு படமும் ஒன்றரை வரியும் இருந்தன. “ஒண்ணுமே இல்லையே” என்றேன். அதற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரே பாடப்பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் நினைவில் இருந்ததைப் பார்க்காமல் எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நிறம் நிறமாய்க் கோடு போடுவதால் பெரிய பலன் இல்லை என்பதையும் ஆய்வுகள் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆக, புத்தகத்தை மூடச் சொன்னது சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அதே சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது. வகுப்பில் நான் அதை வேகமாகத் தாண்டிவிடுவேன். ஐந்தே நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 83-க்கு 71. அதாவது, ராத்திரி புத்தகத்தை மூடும்போது எல்லாம் மனதில் நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே, அது பிரமை இல்லை. அப்போது நின்றது. “தெரியும்” என்று அவள் சொன்னது நேற்றைய நிலவரம், நான் கேட்டது இன்றைய நிலவரம். இதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சரி, நேரம் இல்லை. திருப்புதல் தேர்வுத் தாள்கள் குவிந்து கிடந்தன. இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தத் தாள் கையில் கிடைக்கும்வரை.

தேர்வெல்லாம் முடிந்து மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அது கிடைத்தது. அவள் வரைந்த படத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கம்பியைச் சுற்றி உருளை. ஆரம் குறித்திருக்கிறாள், நீளம் குறித்திருக்கிறாள். மின்புலத்தின் அம்புகள் வளைபரப்புக்குச் செங்குத்தாக வெளியே போகின்றன. இரண்டு முனைத் தட்டுகளிலும் சின்னதாக ஒரு பூஜ்யம். அந்தத் தருவித்தலில் கஷ்டமான பகுதியே இதுதான். எந்தப் பரப்பை எடுப்பது, புலம் எந்தத் திசையில் இருக்கும், எந்தப் பகுதியில் பாயம் (பரப்பின் வழியே வெளியேறும் புலத்தின் அளவு) பூஜ்யம் என்று தெரிந்துவிட்டால், மிச்சம் வளைபரப்பின் பரப்பளவால் வகுப்பதுதான். பாதிக்கு மேல் அந்தத் தாளில் இருந்தது. நான் சமன்பாட்டைத் தேடினேன், காணவில்லை, “ஒண்ணுமே இல்லையே” என்றுவிட்டேன்.

மனப்பாடம் வேண்டாம், புரிந்து படியுங்கள் என்று வருடம் முழுக்கக் கத்துகிறவள் நான்.

அதன்பிறகு அவள் சந்தேகம் கேட்டு வரவில்லை. இயற்பியலில் நடுத்தரமான மதிப்பெண்ணோடு தேறினாள். என்னால் குறைந்ததா, நான் சொன்ன பிறகு வீட்டில் மூடிவைத்து எழுதிப் பார்த்ததால்தான் அந்த அளவாவது வந்ததா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கடைசி மூன்று வாரத்தில் ஒரு பிள்ளையின் படிக்கும் முறையை மாற்றலாமா என்று ஒரு சக ஆசிரியையிடம் கேட்டேன். “முறையை மாத்தலாம், தைரியத்தை எடுக்கக்கூடாது” என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று காட்டாமல் முறையை மட்டும் எப்படி மாற்றுவது என்று அவரும் சொல்லவில்லை. (அப்புறம் இன்னொன்று. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் படிக்கும் முறைகள் பற்றிப் பேச வேண்டியிருந்தது. முந்தின இரவு என் குறிப்பை நான்கு முறை வாசித்தேன். மூடிவைத்து ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.)

இந்த வருடம் வெள்ளைத்தாளை அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள், முந்தின வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி, போன மாதப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் அவர்களே சேர்க்க வேண்டும். தாளை நான் வாங்குவதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. யாரும் சிரிக்க வழியில்லை.

நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு பையன், “நீங்க பார்க்கவே மாட்டீங்கன்னா எதுக்கு மிஸ் எழுதணும்?” என்று கேட்டான். உனக்காகத்தான் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, தாளைத் திருப்பி என் பக்கமாகவே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.