பாத் ஊரின் புனித தோமா ஆலயம்

அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்துக்கு வருகிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்கள் யாராவது எந்த ஆலயத்துக்குப் போகலாம் என்று கேட்டால், பாத் ஊரில் இருக்கும் புனித தோமா எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்தைத்தான் சொல்வேன். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். ஆனால் அந்த மாகாணத்தின் முதல் நகரம் அதுதான், 1705-ல் உருவானது. பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளையன் 1718-ல் அரச மன்னிப்பு வாங்கிக்கொண்டு சில காலம் இங்கே இருந்தான். சுற்றுலா வருகிறவர்கள் பலர் அவன் கதையைத்தான் தேடுகிறார்கள். நான் போனது தாமஸ் பிரே என்ற ஆங்கிலேயக் குருவை நினைத்து.

எஸ்.பி.சி.கே. 1698-லும், எஸ்.பி.ஜி. 1701-லும் அவர் முயற்சியால் பிறந்த ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இன்றும் "நாங்க எஸ்.பி.ஜி. சபை" என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு, இடையன்குடி கால்டுவெல் ஐயரும் எஸ்.பி.ஜி. மிஷனரிதான். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பி உதவியது எஸ்.பி.சி.கே. அதே பிரே 1700 வாக்கில் ஒரு நூலகத்துக்கான புத்தகங்களைப் பாத் பகுதிக்கு அனுப்பிவைத்தார். அவற்றைப் பாதுகாக்க 1715-ல் சட்டமே போட்டார்கள். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும் அதே ஆண்டுதான்!

ஆலயத்தை 1734-ல் கட்டத் தொடங்கினார்கள். அந்த மாகாணத்தில் இன்றும் நிற்கிற ஆலயங்களில் இதுவே பழையது. கோபுரம் கிடையாது, தடித்த செங்கல் சுவர், முக்கோண முகப்பு, அவ்வளவுதான். நம் ஊர் ஆலயங்களின் உயரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

உள்ளே மார்கரெட் பால்மர் என்ற பெண்ணின் நினைவுக்கல் இருக்கிறது. கணவர் ராபர்ட் பால்மர் அரசாங்க நில அளவைத் தலைவர். அந்த அம்மா 1765 அக்டோபர் 19-ல் 44 வயதில் இறந்துபோனார். கல்லில் இருப்பது வழக்கமான புகழுரை இல்லை. சீதோஷ்ணம் மாறியதால் பத்து ஆண்டுகள் கடும் நோயில் வாடினார், பிறந்த நாட்டுக்குப் போய்ப் பார்த்தும் குணமாகவில்லை, திரும்பி வந்து கடைசிவரை பொறுமையோடு தாங்கினார் என்று எழுதியிருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காகவும், ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் என் பெரியம்மாவுக்காகவும் ஜெபித்தேன்.

ஊர் வளராமல் போனதற்கு ஒரு கதை உண்டு. ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற பிரசங்கியாரை ஊரார் மதிக்கவில்லையாம். அவர் ஊரைச் சபித்து, கால் தூசியை உதறிவிட்டுப் போனாராம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மாவட்டத் தலைமையிடம் 1785-ல் வாஷிங்டன் என்ற பக்கத்து ஊருக்குப் போய்விட்டது, வியாபாரமும் போயிற்று. ஆலயத்துக்கு அதைவிடப் பெரிய இடி அமெரிக்க சுதந்திரப் போர். இங்கிலாந்து மன்னருக்காக ஜெபித்துவந்த சபைக்கு அரசு ஆதரவும் இல்லை, பேராயரும் இல்லை. மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யாத ஒருவரை இங்கிலாந்தில் பேராயராக்க முடியாது என்பதால், சாமுவேல் சீபரி என்ற அமெரிக்கக் குரு 1784-ல் ஸ்காட்லாந்து போய் அபிஷேகம் பெற்றார். எபிஸ்கோப்பல் சபை அப்படித்தான் தனிச் சபையானது.

ஞாயிறு ஆராதனையில் நமக்கு அந்நியமாக எதுவும் தோன்றாது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து எல்லாம் நம் வரிசைதான். ஞானஸ்நானம் பெற்ற யாரும் திருவிருந்தில் பங்குபெறலாம். மாகாணத் தலைநகர் ராலேயிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும். வாஷிங்டன் தாண்டி 92-ஆம் எண் சாலையைப் பிடித்தால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும்.