வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாதி வேலை இரும்புக்கு

நான் செய்து முடித்திருக்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க வருகிறவர்கள் வால்வுகளைத்தான் பார்க்கிறார்கள். அறை விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடிக்குள் கனலும் இழையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஒலிக்கு இதுதான் காரணமா?" என்று கேட்கிறார்கள். எனக்கோ பின்வரிசையில் நிற்கும் இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களைக் காட்ட வேண்டும் என்று இருக்கும். வால்வுகள் விலைக்கு வாங்கியவை. டிரான்ஸ்ஃபார்மர்கள் நான் சுற்றியவை.

சர்க்யூட் எளிமையானதுதான். முன்னால் ஈசிசி83 என்ற வால்வு ஒன்று. அதற்குள் இருக்கும் இரண்டு ட்ரையோடுகளில் (மூன்று மின்முனை கொண்ட பெருக்கிகளில்) ஒன்று இடப்பக்கத்துக்கு, மற்றது வலப்பக்கத்துக்கு. அதையடுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்பீக்கரை இயக்கும் திறன் வால்வாக ஓர் ஈஎல்84. மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்க ஓர் ஈஇசட்81. ஆக நான்கே வால்வுகள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 5 வாட் கிடைக்கும்.

ஈஎல்84 தன் முன்னால் சுமார் 5,000 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த இரண்டையும் பொருத்துவதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. வால்வுப் பக்கச் சுருளான பிரைமரியில் 2,500 சுற்று, ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியில் 100 சுற்று என்றால் விகிதம் 25. அதன் வர்க்கம் 625. எட்டால் பெருக்கினால் 5,000. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் பாட்டுக் கேட்க முடியாது.

பிரைமரி முழுவதையும் சுற்றிவிட்டு அதன்மேல் செகண்டரியைச் சுற்றினால், இரண்டுக்கும் இடையே காந்தப் பாயத்தில் ஒரு பகுதி கசிந்துவிடும். உச்ச ஸ்தாயி மங்கிப்போகும். அதனால் பிரைமரியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவற்றின் இரண்டு இடைவெளிகளில் செகண்டரியை வைத்தேன். செகண்டரியின் இரு பகுதிகளும் நூறு நூறு சுற்றுகள், பக்க இணைப்பில். பிரைமரிக்கு 0.18 மில்லிமீட்டர் எனாமல் கம்பி. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும். தளர விட்டால் அடுக்கு குலைந்து, கம்பி சுற்றும் சட்டமான பாபினில் இடம் போதாது. விரல்நுனியால் அந்த இழுவிசையை உணரக் கற்றுக்கொள்வதுதான் இதில் உண்மையான கல்வி. அடுக்குகளுக்கு இடையே காப்புத்தாள் வைப்பதிலும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. அங்கே நிற்பது இருநூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல்.

இரும்புத் தகடுகளை அடுக்குவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சாதாரண மின்மாற்றியில் தகடுகளை ஒன்று இப்படி, ஒன்று அப்படி என மாற்றி மாற்றிச் செருகுவார்கள். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் அப்படிச் செய்யக் கூடாது. பாட்டு இல்லாதபோதும் 48 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு அதிலேயே காந்தத் தெவிட்டலை, அதாவது இனி காந்தமேற முடியாத நிலையை, நெருங்கிவிடும், கீழ் ஸ்தாயிக்கு இடமிருக்காது. ஆகவே E வடிவத் தகடுகள் அனைத்தும் ஒரு பக்கம், I வடிவத் தகடுகள் எதிர்ப்பக்கம், நடுவே மெல்லிய காகிதம். அந்தக் காகிதத்தின் தடிமன்தான் தம்பூராவின் கீழ்ச்சுரம் எவ்வளவு நிறைவாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு சுற்றின் தொடக்க முனையிலும் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். பின்னூட்டத்தை, அதாவது வெளியீட்டின் ஒரு சிறு பகுதியை, ஸ்பீக்கர் முனையிலிருந்து ஈசிசி83-இன் கேதோடுக்கு (எலக்ட்ரான்களை உமிழும் முனைக்கு) திருப்பிக் கொண்டுவரும்போது இது கைகொடுத்தது. முனை மாறினால் ஆம்ப்ளிஃபயர் ஊளையிடும். பின்னூட்டமே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஈஎல்84 போன்ற பென்டோடின் (ஐந்து மின்முனை வால்வின்) வெளியீட்டு மின்தடை அதிகம். அளவான பின்னூட்டம் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கூம்பு கட்டுப்பாடின்றி ஆடி, கீழ் ஸ்தாயி குழம்பிவிடும்.

இரைச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதால் கேட்டே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், வழவழப்பான தாழ்ந்த முனகல் என்றால் பெரும்பாலும் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகளிலிருந்து வருகிறது: அவற்றை இறுக முறுக்கி, சேசிஸின் (உலோக அடிச்சட்டத்தின்) மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். 100 ஹெர்ட்ஸில் கரகரப்பாக ஒலித்தால் வடிகட்டும் கெப்பாசிட்டர்களையும் எர்த் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்தேன். உள்ளே குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். பல்பு பளிச்சிட்டு, மங்கியது. பிறகு பல்பை நீக்கிவிட்டு அளந்தேன். 135 ஓம் கேதோடு ரெசிஸ்டரில் 7.1 வோல்ட், அதாவது ஏறத்தாழ 53 மில்லி ஆம்பியர். வால்வுக்குள் இருக்கும் திரைக் கிரிட் என்ற மின்முனையின் பங்கைக் கழித்து, எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் ஆனோடில் செலவாகும் திறனைக் கணக்கிட்டால் சுமார் 11 வாட். ஈஎல்84-இன் எல்லை 12.

இதைச் செய்ய நினைக்கிறவர்களிடம் ஒன்றை மன்றாடியே கேட்பேன். அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் நிற்கும். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் 20 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இருந்தாலும் மீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் பாட்டை ஓடவிடவும் வேண்டாம். சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் மின்னழுத்தம் காப்பைத் துளைத்துவிடக்கூடும்.

ஒலி எப்படி? மனிதக் குரல் மிக அருகில் வந்து நிற்கிறது. 90 டெசிபெல்லுக்கு மேல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர்களுக்கு 5 வாட் தாராளம். திரைக் கிரிட்டை 100 ஓம் வழியாக ஆனோடுடன் இணைத்து, வால்வை ட்ரையோடாக மாற்றும் சுவிட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். திறன் இரண்டு வாட்டுக்குச் சரிகிறது. எனக்கு அந்த ஒலியே பிடித்திருக்கிறது, சுவிட்ச் இப்போது அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்தது இதே வால்வுகளை ஜோடியாக வைத்து புஷ்-புல். அதில் இரு வால்வுகளின் நேர்மின்னோட்டங்களும் எதிரெதிராக ஓடி இரும்பில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், காகித இடைவெளி தேவையில்லை. பாபினை அளந்து, சுற்றுக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டேன்.